முந்தி வந்த எதிரொலி

சாக்ஸபோன் எழும்புவதற்குச் சற்று முன்னால் யாரோ இருமினார்கள்.

மிரெல்லா டேப்பை நிறுத்தி, சுருளைக் கையால் இரண்டு சுற்று பின்னுக்குத் திருப்பி மறுபடி ஓடவிட்டாள். மெல்லிய இரைச்சல்; அதற்கடியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல ஒரு வறட்டு இருமல். பெண்ணின் இருமல். 'சதுப்பு நிலத் தபால்காரர்கள்' என்ற அந்த இசைக்குழுவில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள்.

ஒலி கசிவது அவளுக்குப் புதிதில்லை. சுருட்டி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் மெல்லப் படிந்துவிடும்; ஓடவிட்டால், வரப்போகிற ஒலி ஒரு நொடி முந்தியே நிழலாகக் கேட்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டு முடித்ததும் பின்னுக்குச் சுற்றாமல், முடிவு வெளியே இருக்கும்படி அப்படியே எடுத்து வைப்பார்கள். அப்போது கசிவு பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் ஜூலைக் கடைசியில், விடுமுறைக்குக் கடற்கரை போகிற அவசரத்தில், வந்ததும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்ற ஆசையில், அவள் அதைப் பின்னுக்குச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். மூன்று வாரம் பூட்டிய வீட்டின் வெக்கையில் கிடந்தது டேப்.

அடுத்த நொடி அவளுக்குத் தொண்டை கமறியது. இருமினாள். வறட்டு இருமல்.

தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இத்தாலியின் தூரினோ நகரம் கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்தது. ஆகஸ்ட் மாதத்து மதியம். ரொட்டிக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றுக்கும் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஐந்தாவது மாடியில், பாதி சாத்திய ஜன்னலின் மரச்சட்டங்கள் வழியே வெயில் கோடுகோடாகத் தரையில் விழுந்து கிடக்க, பழைய பசையும் சூடான தூசியும் கலந்த டேப் வாசனைக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்டிராத குழுக்களைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாக வெளியிடுவதுதான் அவளுக்கும் தம்பி நேவியோவுக்கும் வேலை. ஒரே ஒரு ஊர்த் திருவிழாவில் வாசித்துவிட்டுக் கலைந்தவர்கள், ஒரு பக்கம் மட்டும் பதிவு செய்துவிட்டு ராணுவத்துக்குப் போனவர்கள். அவர்களுடைய விதவைகளைப் பேசிச் சிரிக்கவைத்து, பழைய டேப்புகள் கிடக்கும் நிலவறையின் சாவியை வாங்குவது நேவியோ. கேட்பது மிரெல்லா. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

இந்த டேப்பையும் அவன்தான் கொண்டுவந்தான். எழுபத்து நாலில், வெர்செல்லி பக்கம், நெல் வயல்களுக்கு நடுவே ஓர் அரிசி ஆலையில் பதிவானது. நிலவறையில் தண்ணீர் ஏறுவதுபோல ஆர்கன் மெல்ல மெல்ல உயரும். ஏழு தட்டில் ஓடும் டிரம்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல நொண்டும். சாக்ஸபோன் எல்லோரும் போனபின் தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி நுழையும். இவ்வளவு நல்ல இசையை அந்த ஆறு பேரும் ஏன் வெளியே விடவில்லை என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

ஆர்கன் ஓய்ந்த இடைவெளியில், மரமேசைமேல் கைப்பேசி அதிரும் உறுமல் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள். மேசைமேல் கைப்பேசி சும்மா கிடந்தது. எழுபத்து நாலாம் வருட டேப்பில் கைப்பேசியா?

பத்து எண்ணியிருப்பாள். அது அதிர்ந்தது.

"உயிரோட இருக்கியா?" என்றான் நேவியோ. "ஊரே கடல்ல கெடக்கு. நீ மட்டும் செத்துப்போன ஆர்கன்காரனோட குடும்பம் நடத்துற."

"நீதானடா புடிச்சுக் குடுத்த."

"கல்யாணம் பண்ணிக்கன்னா குடுத்தேன்? பீச் பழம் வாங்கிருக்கேன். இன்னும் பத்து நிமிஷத்துல வரேன். காபி போட்டு வை."

அவள் கருவியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஹெட்போனை மாட்டினாள்.

மறுபடி ஓர் இடைவெளி. கம்பிக் கதவு இழுபடும் சத்தம். இந்தக் கட்டடத்து லிஃப்டின் சத்தம். எங்கேயோ இரும்பு கீச்சிட்டது. பிறகு மேலிருந்து கீழே, மாடி மாடியாக, ஏதோ விழுந்தது. ஒரு குரல். "அம்…" பாதியில் நின்றது.

நேவியோவின் குரல்.

கைப்பேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"கீழதான் இருக்கேன்" என்றான். "ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டியா?"

"லிஃப்ட்ல ஏறாத."

"ஏன், அதுக்கும் லீவா?"

"படியில வா. கேள்வி கேக்காத, நேவியோ."

"அஞ்சு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பழம் தின்னுடுவேன், சொல்லிட்டேன்."

அவள் வெளியே ஓடிவந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் செருப்புச் சத்தம். முதல் மாடி. இரண்டாவது. மூன்றாவது மாடியில் அவன் மூச்சு வாங்க நின்றபோது, யாரும் ஏறாத லிஃப்டின் கம்பிக் கதவு எங்கோ தானாக இழுபட்டது. இரும்பு கீச்சிட்டது. கட்டடம் ஒருமுறை அதிர, லிஃப்ட் கீழே போய் விழுந்தது.

"அம்…" என்றான் நேவியோ, படியில் நின்றபடி. சொல்லை முடிக்கவில்லை.

அதே குரல். அதே பாதி.

முகம் வெளிறி மேலே வந்தவனை அவள் கட்டிக்கொண்டாள். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உயிரோடு இருந்தான். சூடாக இருந்தான். "எப்பிடிக்கா தெரிஞ்சுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்தபோதுதான் அது உறைத்தது. அவள் எதையும் தடுக்கவில்லை. கேட்டபடியே எல்லாம் நடந்திருக்கிறது.

கருவியை அணைக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது.

திரும்பி ஓடினாள். அவன் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் ஹெட்போன். கையில் கடித்த பழம்.

"அக்கா, இதுல நீ இருக்க" என்றான், திரும்பாமல்.

அவள் கருவியை நோக்கி ஓர் அடி வைத்தாள். அவன் கையைத் தூக்கினான். "இரு. எம் பேரைச் சொல்லி அழுவுற. நேவியோ, நேவியோன்னு. ஏன் இப்பிடிக் கத்துற?"

பிறகு அவன் எதுவும் பேசவில்லை.

தூக்கிய கை மெதுவாக மடியில் இறங்கியது.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிடக் கூடாது. அவன் கேட்டதுபோல அவள் கூப்பிட்டு அழாதவரை அது நடக்கவில்லை. கிட்டே போகக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கத்திவிடுவாள்.

வெயில் கோடுகள் தரையிலிருந்து சுவருக்கு ஏறின.

பழத்தைப் பிடித்திருந்த மறு கை தொங்க, சாறு அவன் விரல்களில் வழிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. ஓர் ஈ வந்து அவன் கழுத்தில் உட்கார்ந்தது. நடந்து காதுக்குப் போனது. அவன் அசையவில்லை.

அவள் வாயைப் பொத்தியபடியே நின்றாள்.