கையசைத்த படம்

மாலை 4.40. நர்ஸ் போட்ட அலறலில் மூன்றாம் மாடி மொத்தமும் கூடிவிட்டது. கட்டிலில் அக்கா. முகத்தின் மேல் தலையணை. எடுத்துப் பார்த்தால் மூச்சில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் அசையும். வீட்டில் அம்மா, ஒரு தம்பி, பகலில் பார்த்துக்கொள்ள இந்த நர்ஸ். அம்மா அன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத்தான் திரும்பினாள். வந்ததும் நர்ஸின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

5.30. வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு அன்று பார்த்தா பல்வலி வரவேண்டும்? தாடையைப் பிடித்துக்கொண்டே படியேறினார். யார்மேல் எரிந்து விழலாம் என்று காத்திருக்கிற முகம்.

தம்பி செல்போனை நீட்டினான். படங்களுக்கு மெருகு போடும் செயலிகளுக்கு நிரல் எழுதுவது அவன் பிழைப்பு. நிற்கிற பைக்கைப் பறக்கிற பைக்காகக் காட்டும் வித்தையெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்டியவனும் அவன்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வீட்டார் போனுக்கு அது அனுப்பும்.

"நீங்க எப்ப கிளம்பினீங்க?"

"நாலு மணிக்கு மேடம். வாட்ச்மேன் பார்த்தாரு."

"இந்த நர்ஸ்?"

"மருந்துக் கடைக்குப் போயிட்டு நாலு பத்துக்கு வந்தா. இந்தப் படம் நாலு இருபத்தஞ்சு. அக்கா டாட்டா காட்டறா பாருங்க. அப்ப உயிரோட இருந்தவ நாலு நாப்பதுல இல்ல. வீட்ல வேற யாரு இருந்தா?"

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். படுக்கையோர விளக்கு எரிகிறது. தூக்கிய கை ஆட்டத்தில் கலங்கிப் போயிருக்கிறது. பின்சுவரில் கையின் நிழல், ஐந்து விரலும் எண்ணிக்கொள்ளலாம். அம்மா அதே படத்தைத் தன் போனில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். அவள் காதுபட ஜெயில் என்ற வார்த்தையை ஏற்கெனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

"வந்ததும் உள்ள போய்ப் பார்க்கலையா?"

"அக்கா தூங்கறாங்க, எழுப்பாதன்னு இந்த சார் போன் பண்ணாரு மேடம். கதவும் சாத்தியிருந்துச்சு. துணி துவைச்சிட்டிருந்தேன்."

"டாட்டா எப்படிக் காட்டுவாங்க?"

"விரலையெல்லாம் சேர்த்து வச்சு ஆட்டுவாங்க. அஞ்சு விரலையும் விரிச்சு ஆடாம பிடிச்சாங்கன்னா 'வேண்டாம்'னு அர்த்தம். ஊசியைப் பார்த்தா அப்படித்தான்."

இன்ஸ்பெக்டர் தாடையிலிருந்து கையை எடுத்தார். படத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கினார். நர்ஸை எங்கும் போகக்கூடாது என்றார். போகிறபோது தம்பியின் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை 10.00. அதே வீடு, அதே கூடம்.

"ஒரு சந்தேகம் சார்," என்றார் இன்ஸ்பெக்டர் தம்பியிடம். "கை ஆடினா நிழலும் ஆடணுமா, வேண்டாமா?"

தம்பி படத்தை எட்டிப் பார்த்தான். "கேமரால சில சமயம்..."

"கதை விடாதீங்க. ஒரே விளக்கு, ஒரே நொடி. கை கலங்கிக் கிடக்கு, நிழல் கல்லு மாதிரி நிக்குது. கையை மட்டும் வெட்டியெடுத்து, பக்கவாட்டுல இழுத்துத் தேய்ச்சு ஆடற மாதிரி காட்டற கணக்கைப் போட்டிருக்கீங்க. சுவரை மறந்துட்டீங்க."

"இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"அழிச்ச படத்தை லேப்டாப்லேர்ந்து தோண்டி எடுத்தாச்சு. எடுத்த நேரம் மூணு அம்பது. கேமரா படம் யார் போனுக்கும் போகாம முன்னாடியே நிறுத்தி வச்சிருக்கீங்க. அக்கா டாட்டா காட்டல. தலையணையோட எதிர்ல நின்ன உங்களப் பார்த்து வேண்டாம்னு கையைப் பிடிச்சிருக்காங்க. வேலையை முடிச்சீங்க, நாலு மணிக்குக் கீழ இறங்கினீங்க, அடுத்த தெருவுல கார்ல உட்கார்ந்து நிரலை ஓட்டினீங்க. முதல்ல கையை ஒன்பது பிக்சல் இழுத்தீங்க, ஆட்டம் பத்தல. பதினஞ்சு. இருபத்தொண்ணு. மொத்தம் பதினோரு தடவை! பொணமா கிடக்கிறவ நல்லா டாட்டா காட்டற வரைக்கும் விடல நீங்க. அப்புறம் நேரத்தை மாத்தி எல்லார் போனுக்கும் அனுப்பிட்டீங்க."

"ரெண்டு வருஷமா கெஞ்சினேன் மேடம்," என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது, வருத்தத்தில் அல்ல, ஆத்திரத்தில். "வீட்டை வித்துடலாம், ஒரு கையெழுத்துப் போடுன்னு. எப்பப் பார்த்தாலும் அந்தக் கையையே காட்டினா."

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். போன உயிர் திரும்பி வந்த அழுகை அது. கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

அம்மா எழுந்தாள். மகனை அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மகனைத் தாண்டி இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"மேடம், போனவ போயிட்டா. இனிமே எனக்கு இவன் ஒருத்தன்தான். இந்தப் பொண்ணுக்குக் கேட்க நாதியில்ல. கேஸு இவ மேலயே இருந்துட்டுப் போகட்டுமே?"

"வாயை மூடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு பூட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா அப்போதும் விடவில்லை. தரையில் நர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று அறைந்த அதே கன்னத்தைத் தடவினாள்.

"நீயாவது சொல்லேன்டி, என் கண்ணு. நான்தான் செஞ்சேன்னு சொல்லேன்."