தட்டிப் பார்த்த செங்கல்

டிராக்டர் வந்து செங்கல் இறக்கிவிட்டுப் போன அன்று வெற்றிவேல் சோறு சாப்பிடவில்லை.

சிங்கவரத்தில், தெருவின் கடைசியில், ஒரு தார்ப்பாய்க் கொட்டகை இருந்தது. ஏழு மாதமாக நிலாவும், அவள் தம்பி வெற்றிவேலும், நைனா என்று அவர்கள் கூப்பிடும் அப்பா தனசேகரனும் அதில்தான் இருந்தார்கள். பக்கத்திலேயே புது வீட்டுக்குக் கருங்கல்லில் அஸ்திவாரம் போட்டாயிற்று. இனி அதன்மேல் சுவர் எழுப்ப வேண்டும். அதற்காகத்தான் செங்கல் வந்திருந்தது.

"சாப்டுடா. ரசம் ஆறிப்போவுது" என்றாள் நிலா. அவளுக்குப் பதினொரு வயது. அவனுக்கு ஏழு.

"இந்தக் கல்ல வச்சி இன்னா பண்ணப் போறாங்க?"

"செவுரு கட்டப் போறாங்க."

"செவுரு வேணாம்."

"செவுரு இல்லாம எப்பட்றா வூடு?"

"வூடும் வேணாம். கொட்டாயே போதும். தார்ப்பாய் மேல வுழுந்தா வலிக்காது."

நிலா தட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அவர்களுடைய பழைய வீட்டுக்கு மண் சுவர். மூன்றாம் நாள் காலை, அடுப்படிச் சுவர் ஊறி ஊறி, பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் சரிந்தது. அம்மா அமிர்தவல்லி அங்கேதான் உட்கார்ந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நைனாவும் தெருக்காரர்களும் வெறுங்கையால் மண்ணை வாரி வாரிப் போட்டார்கள். அம்மா பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு வெற்றிவேல் எந்தச் சுவர் பக்கமும் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அறையின் நடுவில்தான் உட்காருவான். தெருவில் நடந்தால் நட்ட நடுவில் நடப்பான். பின்னால் வண்டி ஹாரன் அடித்தாலும் ஓரம் போக மாட்டான்.

நைனா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. காலையில் செஞ்சிக்குப் போய் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செங்கல் வந்த அன்று சாயங்காலம் மட்டும் கொஞ்சம் பேசினார்.

"திங்கக்கெழம பச்சைமுத்து மேஸ்திரி வராரு. ஐப்பசி மழைக்குள்ள வேலய முடிச்சிடணும்."

மழை என்ற சொல்லைக் கேட்டதும் வெற்றிவேல் காதைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை. நிலா தம்பியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரைச் செங்கல் சூளைக்குப் போனாள். அங்கே மீனம்பாள் என்ற பெண், குழைத்த மண்ணை மர அச்சில் அடித்து, கல் கல்லாகத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு கல்லு வேணும். சூளையில வைக்காத பச்சைக்கல்லு."

"பச்சைக்கல்லு எதுக்கும்மா? அத வச்சி ஒண்ணும் கட்ட முடியாதே."

"இவனுக்குக் காட்டணும், அத்தை."

மீனம்பாள் வெற்றிவேலைப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இங்க பாரு சாமி. ஏரி மண்ண அச்சுல அடிச்சி வெயில்ல காய வச்சா, அது பச்சைக்கல்லு. தண்ணி பட்டா கரஞ்சிடும். அதையே சூளையில அடுக்கி நாள் கணக்கா நெருப்பு போட்டா செங்கல்லு. ஒருக்கா நல்லா வெந்துட்டா, அது திரும்ப மண்ணாவாது."

"எப்பவுமே ஆவாதா?"

"மண்சட்டியில கொழம்பு வைக்கிறாங்களே, சட்டி கரையுதா?"

வெற்றிவேல் யோசித்தான். கரைவதில்லைதான்.

கொட்டகைக்கு வந்ததும் நிலா இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பினாள். நீல வாளியில் பச்சைக்கல்லைப் போட்டாள். சிவப்பு வாளியில், டிராக்டரில் வந்த செங்கல் ஒன்றை எடுத்துப் போட்டாள். வெற்றிவேல் நான்கடி தள்ளி நின்று பார்த்தான்.

பச்சைக்கல் புஸ்ஸென்று குமிழி விட்டது. முதலில் முனைகள் உதிர்ந்தன. பிறகு வயிறு பிளந்தது. கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் வெறும் சேறுதான் கிடந்தது.

"அந்தக் கல்லும் குமிழி வுடுதே" என்றான் வெற்றிவேல், சிவப்பு வாளியைக் காட்டி.

"அது தண்ணி குடிக்குது. தாகம். வேற ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும், அப்பறம் பாரு."

சாயங்காலம் நிலா சிவப்பு வாளிக்குள் கையை விட்டுச் செங்கல்லைத் தூக்கினாள். அது டீயில் ஊறிய பன் மாதிரி நடுவில் பிய்ந்தது. பாதி கையில் இருந்தது. பாதி தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

வெற்றிவேல் அலறிக்கொண்டு ஓடினான்.

காலி மனையின் நடுவில், எதுவும் இல்லாத இடத்தில், அவன் குந்தி உட்கார்ந்திருந்தான். நிலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ பொய் சொன்ன" என்றான் அவன்.

"நான் பொய் சொல்லலடா. எனக்கே தெரியல."

"அதுவும் வுழும். அம்மா மேல வுழுந்த மாதிரி உன் மேல வுழும்."

நிலா அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், வெற்றிவேல் தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமையும் நைனாவுக்கு மில்லில் வேலை இருந்தது. அவர் போனதும் நிலா வாளி, குடம், சோற்று அண்டா என்று கையில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் ஊற்றினாள். ஆறு செங்கல்லை எடுத்துப் போட்டாள். மத்தியானம் எடுத்துப் பார்த்தால், நான்கு கல் பாறை மாதிரி இருந்தன. இரண்டு மட்டும் பிசுபிசுவென்று நொறுங்கின.

எல்லாக் கல்லும் கெட்டதில்லை. ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூவாயிரம் கல்லையும் தண்ணீரில் போட அண்டாவுக்கு எங்கே போவது? எல்லாமே சிவப்பாக, தூசி படிந்து, ஒரே மாதிரிதான் இருந்தன.

அவள் இன்னும் இரண்டு கல்லை எடுத்து வந்து கருங்கல் அஸ்திவாரத்தின்மேல் வைத்தாள்.

"அக்கா" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டான் வெற்றிவேல். "அந்த ரெண்டும் வேற வேற சத்தம் போடுது."

"இன்னாடா சொல்ற?"

"மொத வச்சியே, அது ணங்குன்னுச்சி. அடுத்தது தொப்புன்னுச்சி."

நிலா ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ணங். அடுத்ததைத் தட்டினாள். தொப். ணங்கென்ற கல் இரண்டு, தொப்பென்ற கல் இரண்டு தேடி எடுத்துத் தனித்தனியாகத் தண்ணீரில் போட்டாள். இருவரும் வாளிக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். இப்போது வெற்றிவேல் தள்ளி நிற்கவில்லை.

ணங் கற்கள் இரண்டும் அப்படியே இருந்தன. தொப் கற்கள் இரண்டும் பிய்ந்தன.

அதன்பிறகு வெற்றிவேல் கூழாங்கல்லைப் பிடுங்கிக்கொண்டான். தட்டுவது அவன் வேலை. எடுத்து அடுக்குவது நிலாவின் வேலை.

"இவன் பாஸ். இவனும் பாஸ். இவன்... இரு, இன்னொரு வாட்டி கேக்கறேன். ஃபெயில்!"

"பாவம்டா, ஒரு மார்க் போட்டு வுடு."

"போட மாட்டேன்."

பொழுது சாய்வதற்குள் இருநூறு கல் தட்டினார்கள். முப்பது கல் ஃபெயில்.

நைனாவும் பச்சைமுத்து மேஸ்திரியும் ஒன்றாக வந்தார்கள். மறுநாள் வேலைக்காக நூல் பிடித்துச் சுவருக்கு அடையாளம் போட மேஸ்திரி வந்திருந்தார். நிலா பிய்ந்த கல்லைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எல்லா லோடுலயும் கொஞ்சம் வேவாத கல்லு வரத்தாம்மா செய்யும்" என்றார் மேஸ்திரி. "அதுக்காக வேலய நிறுத்த முடியுமா? கலந்து கட்டி, மேல சிமெண்ட் பூசிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"மழைக்குத் தெரியும்" என்றான் வெற்றிவேல்.

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். நைனா வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தண்ணீருக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த சேற்றை ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் அது வழிந்தது. அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நாளைக்கி செவுரு வேல வேணாம்" என்றார் கடைசியில். "கல்லு தட்டணும். நீங்களும் வரீங்களா?"

"வரேன் தனசேகரா" என்றார் மேஸ்திரி. அவர் குரல் இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை நைனா வேலைக்குப் போகவில்லை. நான்கு பேரும் உட்கார்ந்து தட்டினார்கள். சந்தேகமான கல் வந்தால், "இன்ஜினியர் சார், இத கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று மேஸ்திரி வெற்றிவேலிடம் நீட்டுவார். அவன் காதை வைத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவான்.

தட்டிக்கொண்டே இருந்த நைனா திடீரென்று சொன்னார்: "உங்கம்மா இருந்தா இந்நேரத்துக்கு எல்லாத்தயும் தட்டி முடிச்சிருப்பா. ஒரு பானை வாங்கறதுக்கு இருவது பானையத் தட்டிப் பாப்பா. கடைக்காரன் கும்புடு போட்டு அனுப்புவான்."

அம்மா போன பிறகு அவளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நிலா தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் நைனா நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் நிறுத்தவில்லை. அம்மாவைப் பெண் பார்க்கப் போனதைச் சொன்னார். அவள் வைத்த முதல் கருவாட்டுக் குழம்பில் உப்பே இல்லாததைச் சொன்னார். பாதியில் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டத் தொடங்கினார்.

நானூற்றுச் சொச்சம் கல் தேறவில்லை. சூளைக்காரர் வந்து வாளியைப் பார்த்தார். ஓர வரிசைக்கு நெருப்பு சரியாக எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு, அடுத்த சூளையில் வைத்து மறுபடி வேகவைத்துத் தருவதாக எடுத்துப் போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த கற்களையும் வெற்றிவேல் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டித்தான் உள்ளே விட்டான்.

சுவர் இடுப்பளவு எழும்பிய அன்று, மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினார். வெற்றிவேல் ஓடிவந்து குடத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!"

"டேய், மண்ணுக்குத்தான்டா தண்ணி எமன். சிமெண்ட்டுக்குத் தண்ணிதான் சோறு. ஊத்தலன்னா அது பொடிப்பொடியா உதிந்துடும். ஊத்த ஊத்தத்தான் இறுகும்."

வெற்றிவேல் நம்பாமல் பார்த்தான். மறுநாள் விரலால் சிமெண்ட்டைச் சுரண்டிப் பார்த்தான். நகம்தான் தேய்ந்தது. அன்றிலிருந்து சுவருக்குச் சோறு போடுவது அவன் வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, சொம்பு சொம்பாக ஊற்றினான்.

மேலே தளம் போட்டு முடிந்தது. பூச்சு வேலை பாக்கி இருக்கும்போதே புது வீட்டுக்குள் குடிபோனார்கள். அப்போதும் வெற்றிவேல் தன் பாயை அறையின் நடுவில்தான் விரித்தான்.

ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானமே வானம் கறுத்தது. நிலா செஞ்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி தனியாக இருப்பானே என்று தெரு முழுக்க ஓடினாள்.

வாசல்வரை வந்தாள். அங்கே அவள் கால்கள் நின்றுவிட்டன.

சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது. செங்கல் நனைந்து கருஞ்சிவப்பாக இருந்தது. உள்ளே போ என்று அவள் மனம் சொன்னது. கால் கேட்கவில்லை. இத்தனை மாதமும் தம்பிக்குத்தான் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வெற்றிவேல் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இன்னாக்கா, நனைஞ்சிக்கினு நிக்கிற?"

"சும்மாதான்."

வெற்றிவேல் அவள் முகத்தைப் பார்த்தான். நோட்டைக் கீழே வைத்துவிட்டு, மழையில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"நானும் மொதல்ல இங்கியே கொஞ்ச நேரம் நின்னேன்க்கா" என்றான் மெதுவாக. "அப்பறம் போயிட்டேன். ஒண்ணும் ஆவல. வா."

நிலா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.