சிட்டு வீட்டுக் கதவு

வெல்டர் வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து நின்றதும் சிட்டுவும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் அவளைத் திட்டவில்லை. போ என்று சொல்லவும் இல்லை. ஒருத்தியை விரட்ட அதெல்லாம் தேவையே இல்லை. பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் போதும்.

சாயங்காலம் என்ன விளையாடுவீர்கள் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். பிறகு தனியாக நடந்துபோனாள்.

அவளுடைய அப்பா தெருமுனையில் புதிதாக வெல்டிங் பட்டறை போட்டிருந்தார். தினமும் பள்ளி விட்டதும் அவள் பட்டறை வாசலில் கிடந்த இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்திருப்பாள். தீப்பொறியைப் பார்க்கக் கூடாது என்பதால் பட்டறைக்கு முதுகைக் காட்டி உட்கார்வாள். அப்படி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிவது சிட்டு வீட்டுக் கதவு. அந்த மூன்று பேரும் உள்ளே போவதும், தாழ்ப்பாள் விழுவதும் அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

உள்ளே சிட்டுவின் அண்ணன் இருந்தான்.

அண்ணன் சிட்டுவைவிட நான்கு வயது பெரியவன். அவனுக்குப் பேச்சு வராது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் தாங்க மாட்டான். அடிவயிற்றிலிருந்து கத்துவான், கையால் காதில் அடித்துக்கொள்வான். பகலில் அத்தை பார்த்துக்கொள்வார். சிட்டு பள்ளியிலிருந்து வந்ததும் அத்தை வேலைக்குக் கிளம்பிவிடுவார். தையல் கம்பெனியிலிருந்து அம்மா வருவதற்குள் இருட்டிவிடும். அதுவரை சிட்டுதான் துணை. சிட்டுவுக்குத் துணை ரேடியோவும் டீச்சரும்.

ரேடியோ என்பவன் வாய் மூடாத பையன். டீச்சர் என்பவள் எல்லாரையும் திருத்துகிற பெண். மூவரும் ஐந்தாம் வகுப்பு.

அம்மா கம்பெனியிலிருந்து கழிவுத் துணிகளை நீளநீளமாகக் கொண்டுவருவார். அண்ணன் அவற்றில் முடிச்சுப் போடுவான். மூவரும் அவிழ்ப்பார்கள். அவன் மறுபடியும் போடுவான். வேறு யாராவது பார்த்தால் இதெல்லாம் ஒரு விளையாட்டா என்பார்கள். அவர்களுக்கு இதுதான் விளையாட்டு.

போன வருடம் வகுப்புத் தோழி ஒருத்தி ஆசையாகக் கேட்டாள் என்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மறுநாள் அவள் வகுப்பில் அண்ணன் கத்துவதுபோலவே கத்திக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. மேசைமேல் கவிழ்ந்த சிட்டு கடைசி மணி அடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டவன் ரேடியோ. அதற்குப் பிறகு யாருக்கும் திறந்ததில்லை.

"அந்த வெல்டர் வீட்டுப் பொண்ணைக் கூப்பிடலாமா?" என்று சிட்டு ஒருநாள் கேட்டாள்.

"பட்டது போதாதா உனக்கு?" என்றான் ரேடியோ.

"உனக்காகத்தான் சொல்றோம்," என்றாள் டீச்சர்.

சிட்டு அடுத்த முடிச்சை அவிழ்த்தாள். ஆனால் அந்த 'உனக்காக' இரவு சாப்பிடும்போதுகூட அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒருத்தி தினமும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் எனக்காகவா? என்னைச் சொல்லித்தானே கதவை அடைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் திறக்க வேண்டியவளும் நான்தான்.

மறுநாள் சிட்டு நேராகப் பட்டறை வாசலுக்குப் போனாள்.

"எங்க அண்ணனுக்குப் பேச்சு வராது. சத்தம் போடுவான். பார்த்துட்டு ஸ்கூல்ல போய்ச் சிரிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடு."

வெல்டர் வீட்டுப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "செருப்பை வெளியில விடணுமா?" என்று கேட்டாள்.

உள்ளே ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அதுவே அதிசயம். டீச்சர் வந்தவளைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்தாள். புதியவள் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து ஒரு துணியைக் கையில் எடுத்தாள். அப்போது தெருவில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

அண்ணன் கத்தினான். காதில் அடித்துக்கொண்டான்.

சிட்டு ஓடிப்போய் அவன் கைகளைப் பிடித்தாள். அவன் அடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

ரேடியோ எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டான். நான் அப்பவே சொன்னேன், நாளைக்கு ஸ்கூல்ல இருக்கு நமக்கு என்றான்.

அண்ணன் மறுபடியும் முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

"நீ மொதல் நாள் என்ன பண்ணின?" என்று கேட்டாள் சிட்டு.

"எது மொதல் நாள்?"

"எங்க வீட்டுக்கு வந்த மொதல் நாள்."

ரேடியோ கையிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு அண்ணன் கத்தியதும் அவன் ஓடிய ஓட்டத்தில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்த வீட்டு அக்கா காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். நினைத்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ சிரிக்காத. பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு வாய்ப்பாடு சொன்னவதானே நீ. அதுவும் தப்புத் தப்பா."

"தப்பெல்லாம் இல்ல," என்றாள் டீச்சர்.

"ரெண்டு பேரும் ஓடினீங்க," என்றாள் சிட்டு. "திரும்பி வர்றதுக்கு எவ்வளவோ நாள் ஆச்சு. நான் ஏன்னு கேட்டேனா?"

"அப்ப நாங்க சின்னப் பிள்ளைங்க," என்றாள் டீச்சர். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் மூவரும் பயந்துகொண்டேதான் பள்ளிக்குப் போனார்கள். இடைவேளையில், போன வருடம் கத்திக் காட்டிய அதே பெண் குழாயடியில் வெல்டர் வீட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பின்னால் நின்ற சிட்டு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்குள்ள போனியாமே. அவன் என்ன பண்ணான்?"

"லாரி ஹாரன் அடிச்சுது. அந்த அண்ணனுக்குச் சத்தம் ஆகாது போல, கத்தினாரு. எனக்குப் பழக்கமில்ல. பயந்து ஓடி வந்துட்டேன்."

"எப்படிக் கத்தினான்? செஞ்சு காட்டு."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் குனிந்து தண்ணீர் குடித்தாள்.

கூடியிருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் சிட்டு வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். ரேடியோதான் எழுந்து போனான். தாழ்ப்பாளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திறந்தான்.

வெளியே அவள் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

"இன்னைக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "மறுபடியும் ஓடினாலும் ஓடிடுவேன்."

ரேடியோ திரும்பிச் சிட்டுவைப் பார்த்தான். அவன் வாசலை விட்டு விலகி நின்றான்.

"ஓடினா ஓடு," என்றான். "மறுநாள் வந்துடு."

அன்றைக்கு அவள் ஓடவில்லை. அடுத்த நாள் ஓடினாள். அதற்கு அடுத்த நாள் வந்துவிட்டாள்.