நானூற்றுப் பன்னிரண்டு கூழைக்கடாக்கள்

அக்டோபர் மூன்றாம் வாரம், மதியமே ரொசெந்தா அணைக்கு வந்துவிட்டாள். முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டினாள். தோர்த்தியா ரொட்டிகளைத் துணியில் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வடக்கிலிருந்து கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கும் நாள்; வருடந்தோறும் அவற்றை எண்ணிக் குறிப்பார்கள். அணை அகலமானது, ஒரு கரையிலிருந்து எண்ணினால் பாதி தப்பிவிடும். அதனால் கரைக்கு ஒருவர், கையில் வாக்கி-டாக்கி.

போன வருடம் எதிர்க்கரையில் இருந்தவன் அவள் அண்ணன் பிதென்சியோ. கூட்டம் இறங்கும் நேரத்தில் அவன் வாக்கி-டாக்கியில் அவளைக் கூப்பிட்டான். பாதியில் விட்டால் எண்ணிக்கை போச்சு. இரு, எண்ணி முடித்துவிடுகிறேன் என்றாள். மறுபடி கூப்பிட்டான். அவள் பறவைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்று முடித்துவிட்டு, "இப்ப சொல்லு, என்னண்ணே?" என்று கேட்டபோது அவன் சேற்றுக்குள் போயிருந்தான். உடலைத் தோண்டி எடுத்தார்கள். அவன் விரலால் அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி மட்டும் கிடைக்கவே இல்லை.

இந்த வருடம் அந்தக் கரைக்கு அவள் கணவன் அன்செல்மோ போனான். வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தாள். தண்ணீர்ப் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினான். சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம்.

வெயில் சாய்ந்தது. தொலைநோக்கியில் அன்செல்மோ ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இடப்பக்கம், தண்ணீரோரம், இன்னொருவன் நின்றான்.

சட்டை முழுக்கச் சேறு. முகம் வானத்தைப் பார்த்திருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படியே நின்றான்.

"உங்க பக்கத்துல யாரு?"

"நானும் என் ஸ்டூலும்தான்."

"இடது பக்கம். தண்ணி ஓரமா. அண்ணன் நிக்குது."

அன்செல்மோ காப்பியைக் கீழே வைத்தான். பாவம், அவளைத் தேற்ற நினைத்தான். அதுதான் வினையாகிப் போனது.

"யாருமில்லம்மா. நானே அங்க போய் நின்னு காட்டுறேன், பாரு."

"வேணாம். எந்திரிக்காதீங்க."

எழுந்துவிட்டான். தரை காய்ந்து கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

ஏழாவது அடியில் சேற்றின் மேலோடு உடைந்தது.

முழங்கால்.

இடுப்பு.

கரையில் வேறு ஆள் இல்லை. ஓடினாலும் முக்கால் மணி நேரம். இரண்டு முழத் தூரத்தில் அண்ணன் நின்றான். கையை நீட்டினால் போதும்.

"அண்ணே, அவரப் பிடி. உன் கால்ல விழறேன்."

அவன் திரும்பவில்லை. மேட்டுக்கு மேலே முதல் கூட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. வாக்கி-டாக்கியில் அன்செல்மோவின் மூச்சிரைப்பு கேட்டது. அதற்கிடையே இன்னொரு சத்தமும் கேட்டது.

டிக். டிக். டிக்.

பிறகு, ஈரமான ஒரு குரல்.

"இரு தங்கச்சி. எண்ணி முடிச்சுடறேன்."

நெஞ்சு. தோள். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பறவை இறங்கும்போதும் ஒரு டிக். கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது பார்ப்பது மட்டும்தான்.

கடைசிப் பறவை இறங்கியபோது கரையில் ஸ்டூல் மட்டும் கிடந்தது. அன்செல்மோவின் வாக்கி-டாக்கியும் அவனோடு சேற்றுக்குள் போய்விட்டது.

பிதென்சியோ மெல்லத் திரும்பி, நேராக அவள் கண்ணைப் பார்த்தான். அவள் கையிலிருந்தது கரகரத்தது.

"நானூத்திப் பன்னெண்டு. இப்ப சொல்லு, என்ன தங்கச்சி?"