மீன் அறையிலிருந்து ஒரு சொடுக்கு

முப்பத்தைந்து டாலர். தங்கை நியேமாவின் கப்பல் கட்டணத்தில், கப்பல் மேஸ்திரி ஜலாட்டேக்கு அண்ணன் விளே தரவேண்டிய பாக்கி. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவே எரிந்துகொண்டிருந்தது, சண்டைக்குத் தப்பிய சனம் துறைமுகத்தில் முண்டியடித்தது. விளேயை வேலையாளாக ஏற்றிக்கொண்டார்கள். நியேமாவை மேல்தளத்துக்குக் கீழே, பழைய மீன் அறைக்குள் இறக்கினான் ஜலாட்டே.

"பாக்கி வரட்டும். நாம கை குடுத்துச் சொடுக்கிக்கலாம். அப்புறம் மேல வருவா."

அந்த ஊரில் கைகுலுக்கி விடும்போது இருவர் நடுவிரலும் உரசிச் சொடுக்க வேண்டும். சொடுக்காத பேரம் பேரமில்லை.

இரண்டு துறைமுகங்கள் கப்பலைத் துரத்திவிட்டன. தளமெங்கும் வாந்தி, வெயிலில் வேகும் மலம். கப்பல் சனத்தின் பீவாளியைக் கடலில் கொட்டிக் கொட்டி விளே சில்லறை சேர்த்தான். மீன் அறை மூடியின் ஓட்டையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உள்ளே ஒரு விரல் சொடுக்கும். உயிரோடுதான் இருக்கிறாள்.

உச்சி வெயிலில் பணத்தை நீட்டினான். ஜலாட்டே மரவள்ளிக்கீரைக் குழம்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தான். எண்ணெய் வழியும் விரலை நக்கி, அதே விரலால் எண்ணினான்.

"பீ நாத்தம் அடிக்குதுடா உன் காசு."

"அண்ணே, சீக்கிரம் தெறங்க."

"பதறாதடா. மீன் ரூம்ல உப்புக் கண்டம் கெட்டா போவும்?"

கீழே சொடுக்கு கேட்டது.

"பாத்தியா? நல்லாத்தான் இருக்கா."

மூடியைத் தூக்கினார்கள்.

அழுகல் நெடி முகத்தில் அறைந்தது. நியேமா சுருண்டு கிடந்தாள். வயிறு உப்பி, தோல் வழன்றிருந்தது. கண்குழியில் புழு. செத்து இரண்டு நாளாவது இருக்கும்.

விளே அன்று காலையிலும் தண்ணீர் ஊற்றி, சொடுக்கைக் கேட்டிருந்தான்.

ஜலாட்டே மூக்கைப் பொத்திக்கொண்டு, திறப்பின் குறுக்கே மற்றக் கையை நீட்டினான். "சரி தம்பி... கணக்கு முடிஞ்சுது. கை குடு."

விளே காறித் துப்பினான். கை கொடுக்கவில்லை.

கீழிருந்து ஒரு கை வந்தது.

கொழகொழவென்று, மீன் செதில் ஒட்டிய கை. ஜலாட்டேயின் கையைப் பற்றிக் குலுக்கியது. நடுவிரலோடு நடுவிரல் வழுக்கியது.

டக்.

"காச எடுத்துக்கடா! எனக்கு ஒண்ணும் வேணாம்!"

"அவ குடுத்து முடிச்சுட்டா," என்றான் விளே.

பாக்கி தீர்ந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஜலாட்டேயின் கையில் அந்த நெடி போகவில்லை. சோற்றுக்குக் கை நீட்டும்போதெல்லாம் நடுவிரல் தானாகச் சொடுக்கும்.

ஒவ்வொரு சொடுக்குக்கும் நகத்தடியிலிருந்து ஒரு புழு தட்டில் விழும்.