பதில் போடு, பட்டாபி!

"ஐயோ! கொன்னுட்டாண்டி!"

அந்த அலறலில் வலியசாலைத் தெருவே ஒரு கணம் நின்றது.

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மாமிகள் திரும்பிப் பார்த்தார்கள். பால்காரர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

சமையலறையில் நாகலக்ஷ்மி மட்டும் தோசையை நிதானமாகத் திருப்பிப் போட்டாள்.

"யாரைன்னா?"

"சுவாமிதாஸைடி!"

"யார் கொன்னா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் அலறப்போறேன்?"

பட்டாபி... ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி. நெற்றியில் விபூதி, உடம்பில் பனியன், மடியில் லேப்டாப்.

லேப்டாப்பில் கறுப்புத் திரை. பச்சை எழுத்துகள். அவ்வளவுதான்!

படம் கிடையாது. வீடியோ கிடையாது. மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த கடிதம், என்டர் தட்டினால் திறக்கும், ஒரு எழுத்தைத் தட்டினால் பதில் போடலாம். இணையத்தில் இருக்கும் கலந்துரையாடல் குழுக்களைப் படிக்கிற பழைய புரோகிராம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால், 'கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா மாமா?' என்று கேட்பார்கள்.

பட்டாபி படிக்கிற குழு, தென்னாட்டுச் சமையல் பற்றியது. ஒரு காலத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். எல்லாரும் செல்போன் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டே பேர்!

வலியசாலை பட்டாபி. வித்துரா சுவாமிதாஸ்.

இரண்டு பேரும் மலையாள தேசத்தில் ஒரே ஜில்லா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

அவியலுக்குப் புளிப்பு எதில் வரவேண்டும்... தயிரிலா, மாங்காயிலா?

தயிர் என்பார் பட்டாபி. மாங்காய் என்பார் சுவாமிதாஸ். நாட்டில் எத்தனையோ ஆட்சி மாறியது, இது மாறவில்லை.

சண்டைக்கு ஒரு சட்டமும் உண்டு. ஒருவர் எழுதினால் அடுத்தது மற்றவர் முறை. பதில் வருமுன் மறுபடி எழுதினால்... எழுதியவர் தோற்றார்!

"ரெண்டு வாரமாச்சுடி! கடைசியா எழுதினது நான். இப்ப அவன் முறை. ஒரு வரி வரலை. ஒரு நாள்கூட ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்னைத் திட்டாம இருந்ததில்லை அவன்!"

"உடம்பு சரியில்லாம இருக்கும்."

"சிக்குன்குனியா வந்தப்போகூட ஒத்தை விரலால எழுதினாண்டி!"

"அப்போ ஊருக்குப் போயிருப்பார். போனா போகட்டுமே... ரெண்டு வாரமா ஆத்துல சத்தமில்லாம எவ்வளவு நிம்மதியா இருக்கு! நீங்களும் நன்னா சாப்பிடறேள்."

பட்டாபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையை மாட்டினார். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கினார்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

"போலீஸுக்கு!"

நாகலக்ஷ்மியின் கையிலிருந்த தோசைத் திருப்பி கீழே விழுந்தது.

"இருங்கோ... நானும் வரேன்!"

* * *

எஸ்.ஐ. பிஜி அப்போதுதான் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தாள். அம்மா தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி என்பதால் தமிழ் சரளமாக வரும். மலையாளமும் கூப்பிடாமலே கூட வரும்.

"கொலைன்னு சொன்னீங்க. சரி. பாடி எவிட சாரே?"

"பாடி இல்லை."

"ரத்தம்? கத்தி?"

"இல்லை."

"பின்னே எந்தா இருக்கு?"

"மௌனம் இருக்கு மேடம்! ரெண்டு வாரமா ஒரே மௌனம்!"

பிஜி பேனாவை மூடிவிட்டாள்.

"ஆளோட போன் நம்பர்?"

"தெரியாது."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"பார்த்ததில்லை."

"அப்போ அப்படி ஒரு ஆளு உண்டுன்னு உங்களுக்கு எப்படி நிச்சயம்?"

"இவ்வளவு மட்டமா வாதாட இன்னொருத்தனால முடியாது மேடம்!"

சொல்லும்போதே பட்டாபியின் குரல் உடைந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பிஜி பெருமூச்சு விட்டாள்.

"யார் மேலயாவது சம்சயம் உண்டோ?"

"ஒரே ஒருத்தர் மேலதான் சந்தேகம் வரும்."

"ஆரு?"

"நான்தான்!"

மூடிய பேனா திறந்தது!

பட்டாபி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கடைசி இரண்டு கடிதங்கள்.

சுவாமிதாஸ்: 'நாளைக்கு ஆதாரத்தோட வாறேன். அதோட நீரு தீந்தீரு வேய்!'

பட்டாபி: 'நாளைக்கு நீர் இருந்தாத்தானே ஓய்!'

"ஐயோ சாரே! இது கொலை மிரட்டல் ஆணு!"

"தெரியும் மேடம். அதனாலதான் நானே வந்தேன். உலகம் பூரா படிக்கிற இடத்துல எழுதித் தொலைச்சுட்டேன்!"

"உலகம்னா எத்தனை பேரு?"

"ரெண்டு பேர். அதுல ஒருத்தன் போயிட்டான்."

பிஜி கடிதத்தின் அடியைப் பார்த்தாள். அங்கே கோடும் புள்ளியுமாக என்னவோ இருந்தது.

"இது எந்தா? ஆந்தையா?"

"அது நான்!" பட்டாபிக்கு அந்தத் துக்கத்திலும் கோபம் வந்தது. "இந்தப் புரோகிராம்ல போட்டோ வராது. அதனால எழுத்தாலயே என்னை வரைஞ்சு, ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே கையெழுத்து மாதிரி போடுவேன். ரெண்டு பூஜ்யம்... மூக்குக்கண்ணாடி. மேலே மூணு கோடு... விபூதி. ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி... காது."

பிஜி திரையைப் பார்த்தாள். பட்டாபியைப் பார்த்தாள். காது சரியாகத்தான் இருந்தது.

"வித்துராவுல எவிடன்னாவது தெரியுமோ?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி. போனக்காடு எஸ்டேட்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவன். ஒரு சண்டையில அவனே சொன்னான்."

பிஜி போனை எடுத்தாள். வித்துரா ஸ்டேஷனில் தெரிந்த ஒரு போலீஸ்காரரிடம் மலையாளத்தில் படபடவென்று பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

"சாரே..."

"சொல்லுங்கோ!"

"சுவாமிதாஸ் வீட்டுல இன்னைக்கு சாவுப் பிரார்த்தனையாம். ஜங்ஷன்ல ஃபிளெக்ஸ்கூட வெச்சாச்சாம்."

பட்டாபி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மூலையில் நாகலக்ஷ்மியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

* * *

ஜீப் நெடுமங்காட்டைத் தாண்டியது.

பட்டாபி அழுதுகொண்டே வந்தார். வெட்கமே படவில்லை.

"மாங்காயும் நன்னாத்தான் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் எழுதினதைப் படிக்க அவன் ஒருத்தன்தானே மேடம் இருந்தான்! பெத்த பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பினா கட்டைவிரலைக் காட்டறான். அவன்தான் வரிக்கு வரி பதில் எழுதுவான்!"

"கரையாதீங்க சாரே. கொலைன்னா ஆளைப் பிடிப்போம். உங்களைத்தான் பிடிக்கணும்னா... ஏற்கெனவே ஜீப்லதான் இருக்கீங்க."

நாகலக்ஷ்மி பிளாஸ்க்கைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காபி யாருக்கும் கொடுக்கவில்லை.

வித்துரா ஜங்ஷன் வந்தது.

கறுப்புக் கொடி தெரிந்தது. அதன் பக்கத்தில்... கறுப்புக் கரை போட்ட ஃபிளெக்ஸ்! மலையாளத்தில் பெரிய எழுத்து. ஆதராஞ்சலிகள்!

"நிறுத்துங்கோ! முகத்தையாவது பார்த்துடறேன்!"

பட்டாபி குதித்து ஓடினார். நிமிர்ந்து பார்த்தார்.

அப்படியே உறைந்துபோனார்!

ஃபிளெக்ஸில் போட்டோ இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு பூஜ்யம். அதற்கு மேலே மூன்று கோடு. இரண்டு பக்கமும் அடைப்புக்குறி!

"மேடம்..." பட்டாபி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "செத்தது... நான்!"

பிஜி ஃபிளெக்ஸைப் பார்த்தாள். மறுபடியும் காதைப் பார்த்தாள்.

"சந்தேகமே இல்ல சாரே. நீங்கதான்!"

* * *

மார்க்கெட்டுக்குப் பின்னால், பந்தல் போட்ட வீடு. வாடகை நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் செத்தது என்று அவர்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிரார்த்தனை என்று அழைத்தார்கள், வந்திருந்தார்கள்.

நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கர்த்தாவே! எனக்கு நல்லதொரு எதிரியத் தந்தீரு! தந்த நீரே எடுத்துக்கிட்டீரு! அவர் தயிரு விட்ட பாவத்த மன்னியும்!"

"ஓய்!" என்றார் பட்டாபி.

பெரியவர் நிமிர்ந்தார்.

"ஆரு?"

"பட்டாபி. வலியசாலை."

ஒரு நாற்காலி சாய்ந்தது. யாருடைய டம்ளரோ உருண்டது. உள்ளேயிருந்து சுவாமிதாஸின் மனைவி அம்மிணி ஓடிவந்தாள்.

"எனக்க ஏசுவே! செத்தவரு வந்திருக்காரு!"

"நான் சாகலைம்மா! செத்தது உங்க ஆத்துக்காரர்னு நெனச்சுண்டு நான் வந்தேன்!"

"நானா?" சுவாமிதாஸ் சீறினார். "நான் தெனமும் எழுதினேனே வேய்! சட்டமாவது மண்ணாவதுன்னு எழுதினேன்! 'பதில் போடும், பட்டாபி'ன்னு கெஞ்சினேன்! கடசீல, அவியல்ல தக்காளி போடலாம்னுகூட எழுதினேன்!"

"தக்காளியா?" பட்டாபி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கும் பதில் இல்ல! தக்காளிக்கும் கோவப்படாத பட்டாபி உயிரோட இருப்பாரா? நீரே செல்லும்! அப்பந்தான் ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் குடுத்தேன்!"

"ரெண்டு வாரமா இவருக்குச் சோறு எறங்கல," என்றாள் அம்மிணி.

பிஜி இரண்டு பேருடைய லேப்டாப்களையும் ஒரே நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

சுவாமிதாஸின் திரையில் தினமும் ஒரு கடிதம். கெஞ்சலும் திட்டுமாக நீண்டுகொண்டே போனது.

பட்டாபியின் திரையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை!

"எழுதினது உண்மை. குழுவுக்கு வந்ததும் உண்மை. உங்க கம்ப்யூட்டர்தான் காட்டல சாரே. இதை வேற யாராவது தொடறதுண்டோ?"

பட்டாபி உதட்டைப் பிதுக்கினார்.

"நான்தான்!"

எல்லாரும் திரும்பினார்கள். நாகலக்ஷ்மி!

"திரைக்கு அடியில, எந்த எழுத்தை அழுத்தினா என்ன ஆகும்னு போட்டிருக்கே... அதுல ஒண்ணு, 'இந்த ஆளை இனிமே காட்டாதே'. இவர் குளிக்கப் போயிருந்தப்போ அழுத்திட்டேன்."

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" பட்டாபி அலறினார்.

"தெனம் சாயங்காலம் அதைப் பார்த்துண்டு, 'முட்டாள்! மடையா! வாயை மூடு!'ன்னு கத்தறேள். பக்கத்தாத்துல நீங்க என்னைத் திட்டறேள்னு நெனச்சுண்டு, அந்த மாமி எனக்கு ஆறுதல் சொல்றா! ஒரு வாரம் நிம்மதியா இருந்துட்டு எடுத்துடலாம்னு நெனச்சேன். எப்படிப் போடறதுன்னு கீழே இருந்தது. எப்படி எடுக்கறதுன்னு இல்லை!"

பிஜி தலையைச் சொறிந்தாள்.

"எந்த செக்ஷன்ல கேஸ் போட மாமி? செத்தவங்க ரெண்டு பேரும் உயிரோட நிக்கறாங்க."

அம்மிணி நாகலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எழுத்து எது மைனி? எனக்கும் செல்லித் தாங்க."

பட்டாபி அதைக் கவனிக்கவில்லை. சுவாமிதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்ததைவிடக் குள்ளம். நல்ல முகம். தனக்காக அழுத கண்.

"மாங்காயும்... நன்னாத்தான் இருக்கும்."

"தயிரும்... கொள்ளாம், மோசமில்ல," என்றார் சுவாமிதாஸ், தரையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவுமே இல்லை. வெயில் அதிகம் என்றார்கள். ரோடு மோசம் என்றார்கள். சாயா குடித்தார்கள். கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பட்டாபி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரி பிழைத்துவிட்டான். ஆனால் சண்டை செத்துவிட்டதே! நெஞ்சுக்குள் என்னவோ காலியாக இருந்தது.

* * *

சாயங்காலம்.

நாகலக்ஷ்மியே ஒவ்வொரு பட்டனாகத் தேடி, தான் போட்ட தடையை எடுத்துக் கொடுத்தாள். கறுப்புத் திரையில் பச்சைக் கடிதங்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, இப்போதுதான் எழுதியது.

பட்டாபி என்டரைத் தட்டினார்.

'இன்னைக்கு ஒருத்தர் பட்டாபின்னு செல்லிக்கிட்டு போலீசோட எனக்க வீட்டுக்கு வந்தாரு. மாங்காய் நல்லா இருக்கும்னு ஒத்துக்கிட்டாரு. உண்மையான பட்டாபி செத்தாலும் அப்பிடிச் செல்லமாட்டாரு. அதனால வந்தது போலி. பட்டாபி செத்தது செத்ததுதான். ஃபிளெக்ஸ எடுக்கமாட்டேன்!'

பட்டாபியின் மீசை துடித்தது. கண்ணில் நீர் கட்டியது. முகம் சிவந்தது. பனியன் பட்டை தோளிலிருந்து நழுவியது.

விரல்கள் பட்டன்களின் மேல் பாய்ந்தன!

"முட்டாள்! மடையா! யாரைடா போலிங்கறே? தக்காளி போடற கையால என்னைப் பத்தி எழுதறயா?"

நாகலக்ஷ்மி காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள். சிரித்தும்கொண்டாள்.

அதே நேரம், ஸ்டேஷனில் பிஜியின் போன் அடித்தது.

"மேடம், நான் வெங்கடசுப்ரமணியன் பேசறேன், வலியசாலை. பக்கத்தாத்துல பட்டாபி சத்தம் பயங்கரமா இருக்கு! யாரையோ கொல்லப்போறார்னு தோண்றது! உடனே வாங்கோ!"

பிஜி நிதானமாகச் சாயாவை ஒரு மடக்குக் குடித்தாள்.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க சாரே... அது கொலை இல்ல. பிரேதம் பதில் எழுதிட்டு இருக்கு!"