என்ஜினுக்குள் கிடந்த பச்சை வளையல்

பழைய இரும்புக் கடை சாகுல் ஹமீதின் லாரி, ஆஸ்டின் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஆங் மோ கியோ கம்பத்துக் குடிசைகளுக்கு நடுவே மண்பாதையில் வந்தபோது கோழிகள்தான் முதலில் பயந்து சிதறின. காரைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பக்க விளக்கு இல்லை. பானட்டின் மேல் பறவை எச்சம் சுண்ணாம்பு அடித்ததுபோலக் காய்ந்து கிடந்தது.

தங்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்னங்க, இதையா வாங்குனீங்க?"

"உனக்கு வலி எடுக்கறதுக்குள்ள ஓட வச்சுக் காட்டறேன், பாரு" என்றான் அழகப்பன்.

அதற்கு மேல் அவள் கேலி செய்யவில்லை. தலைப்பிள்ளைக்கு வலி எடுத்த அன்று, கொட்டுகிற மழையில் டாக்சி தேடி அவன் சேற்றில் ஓடிய ஓட்டம் கம்பத்துக்கே தெரியும். ஒருவழியாக வண்டி கிடைத்து கேகே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. இந்தப் பிள்ளையையும் வழியில் பறிகொடுத்தால் தங்கம் தாங்கமாட்டாள். தான் தாங்குவோமா என்று அழகப்பன் யோசிக்கவே இல்லை. யோசிக்கப் பயம்.

அவன் சிராங்கூன் ரோட்டுப் பட்டறையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தகரக் கொட்டகைக்குள் காரைத் தள்ளி, பானட்டைத் திறந்தான். பேட்டரி, ரேடியேட்டர், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தான். அடியில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து பாறையாய் இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, தகட்டால் சுரண்டினான். மேல் அடுக்கு பெயர்ந்து வரும்வரை எண்ணெய் நாற்றம்தான் அடித்தது.

அடுத்த அடுக்கு வந்தபோது மல்லிகைப்பூ வாசம் வந்தது.

வாடி, அழுகி, தண்ணீரில் ஊறிய மல்லிகை. அழகப்பன் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். தங்கம் தலையில் அன்று பூ இல்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மா தொடுக்கிற பூவின் வாசம் காற்றில் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

ஃபேன் தண்டில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. கயிறு என்று நினைத்து அறுத்தெடுத்தான். எடுக்க எடுக்க வந்தது. நீளமான தலைமுடி. அதற்கும் கீழே, கிரீஸுக்குள் பதிந்து, உடைந்த கண்ணாடித் துண்டுகள் சிவப்பும் பச்சையுமாக மின்னின. அவற்றின் நடுவே ஒரே ஒரு பச்சை வளையல், கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கிடந்தது. இவ்வளவு இரும்புக்கு நடுவில் இது எப்படித் தப்பியது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டவன், அதை அன்றே மறந்தும் போனான்.

மறந்தபடியே விட்டிருக்கலாம்.

வளைகாப்பு அன்று பூவம்மாதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினாள். சந்தனம் பூசி, வளையல்களை இரண்டு கைக்கும் அடுக்கிக்கொண்டே வந்தவள், கடைசியில் நின்றுவிட்டாள். ஒரு கையில் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது முறை. அந்தக் கூடுதல் வளையல் பெட்டியிலேயே உடைந்து கிடந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

அழகப்பனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. உள்ளே ஓடி, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பச்சை வளையலை எடுத்து வந்தான்.

"ஏதுங்க இது?" என்றாள் தங்கம்.

"வாங்கி வச்சிருந்தேன்." நல்ல நேரத்தில் கார் இரும்பைப் பற்றிப் பேசுவானேன் என்று ஒரு சின்னப் பொய்.

பூவம்மா அதைப் போட்டுவிட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது. இனிப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது.

அதற்கடுத்த வாரம் கார்புரேட்டர் ஏறியது, ரேடியேட்டர் ஏறியது. ஒரு சாயங்காலம், தூறல் தகரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, அழகப்பன் என்ஜின் மேல் கவிழ்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ அவனோடு சேர்ந்து குனிந்து உள்ளே பார்ப்பதுபோல, மூச்சு காதோரம் பட்டது. சந்தன வாசம். மல்லிகை.

"தங்கம், அந்தத் துணியை எடு" என்றான் நிமிராமலே.

நீட்டிய கையில் துணி வந்து விழுந்தது.

துடைத்தான். துணி ஈரமாக இருந்தது. குளிர்ந்திருந்தது.

"என்னங்க, தேத்தண்ணி ஆறுது, வாங்க" என்று தங்கத்தின் குரல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

அவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. காதருகே வளையல்கள் மெல்லக் குலுங்கி, என்ஜினுக்குள்ளே இறங்கி, அடியில் எங்கோ போய் அடங்கின. கையைப் பார்த்தான். அவன் பிடித்திருந்தது துணியல்ல, கிரீஸ் ஊறிய சேலைக் கிழிசல்.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் நேரே சுங்கை ரோட்டில் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனான். சாகுல் ஹமீது அவன் முகத்தைப் பார்த்ததுமே கடைப்பையனை அனுப்பிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டார்.

"பாய், அந்தக் கார் யாரோடது?"

"ஏன் தம்பி, என்ஜின் கோளாறா?"

"அதுக்குள்ள வளையல் கெடந்துச்சு."

சாகுல் ஹமீது தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பொண்ணு நிறைமாசம்லா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில மழையில கார் நின்னுருச்சு. புருஷன் பானட்டத் தொறந்துபோட்டு, ஸ்டார்ட் பண்ணக் கம்பியப் போட்டுச் சுத்தறான், இது பக்கத்துல குனிஞ்சு கொடை பிடிச்சிருக்கு. திடீர்னு என்ஜின் எடுத்துக்கிச்சு. முந்தானை ஃபேன்ல மாட்டி…"

"பிள்ளை?"

"ரெண்டும் போச்சு. கார் நெறைய வருஷம் வெளியில சும்மா கெடந்துச்சுப்பா. இரும்புக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். வளையலை எங்க போட்ட?"

அழகப்பன் சொன்னான்.

"கழட்டிரு தம்பி. இன்னிக்கே கழட்டிரு."

கழற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தங்கத்தின் கை வீங்கியிருந்தது. சோப்பு போட்டான், நல்லெண்ணெய் தடவினான். மற்ற வளையல்கள் தாராளமாக ஆடின. அது மட்டும் சதையோடு ஒட்டியதுபோல நின்றது. கடைசியில் குறடு ஒன்றை எடுத்தான்.

"உடைக்கப் போறீங்களா?" என்றாள் தங்கம். "நீங்க உசிரோட இருக்கையில, உங்க கையாலயே என் வளையலை உடைக்கறீங்களா?"

அவன் குறட்டைக் கீழே வைத்துவிட்டான். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டினான். இனி அந்தக் காரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஆனால் வலி எடுத்த நாளில் மத்தியானமே வானம் இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோடு வரை ஓடினான். டாக்சி ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது தங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன தடவை மாதிரி ஆயிருமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பூட்டைத் திறந்தான்.

கார் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. சிராங்கூன் ரோடு வரை ஒரு குறையும் இல்லை. காலாங் ஆறு நிறைந்து ரோட்டைத் தொட்ட இடத்தில், யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல என்ஜின் நின்றது.

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். "நீ கீழ இறங்காத. என்ன ஆனாலும் இறங்காத."

பானட்டைத் திறந்து, நனைந்த வயர்களைத் துடைத்தான். முதுகில் மழை அறைந்துகொண்டிருந்தது.

பிறகு அறையவில்லை.

சுற்றிலும் மழை கொட்டிக்கொண்டிருக்க, அவன் மேல் மட்டும் ஒரு துளி விழவில்லை. மல்லிகை நாறியது. மெதுவாகத் திரும்பினான்.

தங்கம் பக்கத்தில் நின்றாள். ஒரு கையை உயர்த்திக் குடைக்காம்பைப் பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கியிருந்தாள். கையில் குடை இல்லை.

"ஏன் இறங்குன?"

"நான் இறங்கல. என்னங்க, என் கை…"

பச்சை வளையல் போட்ட மற்றக் கை என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கை முன்னால்தான் போனது.

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அழகப்பன் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். அவனையும் சேர்த்து இழுத்தது. அவள் முந்தானை நுனி ஃபேனை நோக்கிப் படபடத்தது. உடைக்கக் கூடாது என்று எத்தனை பேர் எத்தனை காலமாகச் சொன்னதோ, அதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஸ்பேனரை எடுத்து வளையல் மேல் ஓங்கி அடித்தான்.

பச்சைத் துண்டுகள் சிதறி என்ஜினுக்குள் விழுந்தன.

தங்கம் அவன் மேல் சாய்ந்தாள். மழை மறுபடி முதுகில் அறைந்தது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து, சாவியை மாட்டக்கூட மறந்து காரை எடுத்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை அது நிற்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அழகப்பன் வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான். காரைச் சாகுல் ஹமீதே வந்து இழுத்துப்போனார். துண்டு துண்டாக வெட்டி உலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். கொட்டகையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, அதில் பூவம்மாவின் ஆடுகளைக் கட்டினார்கள். வீடு பழையபடி ஆனது.

ஒரு பகல், தங்கம் குளிக்கப் போயிருந்தாள். அழகப்பன் வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தான். சேலைத் தொட்டிலில் பிள்ளை பசிக்கு வீரிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவன் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் அழுகை நின்றுவிட்டது. தொட்டில் மட்டும் சீராக ஆடிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டான்.

தங்கம் ஈரத்தலையோடு வந்து பிள்ளையை எடுத்தாள்.

"நீங்களா திருஷ்டிப் பொட்டு வச்சீங்க?" என்றாள் சிரித்துக்கொண்டே. "கையக் கழுவிட்டு வைக்கப்படாதா? கிரீஸ் நாத்தம் அடிக்குது."

அழகப்பன் அருகே போனான். பிள்ளையின் கன்னத்தில் வட்டமாக, அழகாக, ஒரு பெண் விரல் வைத்த கறுப்புப் பொட்டு.

தங்கம் பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கப் போனாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசிச்சுத்தானே அழுதுச்சு?" என்றாள் அவள்.

பிள்ளையின் கடைவாயில் ஏற்கெனவே பால் வழிந்திருந்தது.